ஆறாவது காம்பரா

அன்புள்ள தம்பி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாலிபர் சங்கத்து ரூபி போட்டோ எடுத்திருக்கிறாள். எப்படியும் அது உன் போனுக்கு வந்து சேரும். நீ பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை. போன சனிக்கிழமை தெமோதரைக் கேம்ப் வீட்டில் வாலிபர் வரிசையில் நான் நின்றேன். உன்னுடைய நீல டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். முதுகில் ‘வாலிபர் ஊழியம்’ என்று பெரிதாக எழுதியிருக்குமே, அதுதான். பின்பக்கம் சரியாகத்தான் இருந்தது. முன்பக்கம் வயிற்றில் பாதி தூரம் வந்து, இதற்குமேல் என்னால் முடியாது என்று நின்றுவிட்டது. எனக்கு வலப்பக்கம் நின்ற ‘வாலிபர்’ கோயில் மணி அடிக்கிற பெரியவர். இடப்பக்கம் ஞாயிறு பாடசாலை ஆசிரியை. அவருக்குப் பேரப்பிள்ளை பிறந்து பல் முளைத்துவிட்டது. கொழும்பிலிருந்து வந்த சபைப் பெரியவர்களுக்கு முன்னால் நாங்கள் கையைத் தட்டித் தட்டிப் பாடினோம். அவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். நாங்கள் அப்படியேதான் நின்றோம்.

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பாய். சொல்லத்தான் எழுதுகிறேன். போன மாதம் நீ வேலை செய்கிற இடத்திலிருந்து போன் எடுத்து, ருமேனியாவுக்கு விசா வந்துவிட்டது என்றாய். உன் அம்மாவுக்கு இன்னும் அந்தப் பெயர் வாயில் வரவில்லை, ‘அந்தக் குளிர் நாடு’ என்கிறாள். பிறகு, “அப்பா, நீங்க வேணாம்னா சொல்லுங்க, நான் போகல” என்றாய். நான் “உன் இஷ்டம்டா தம்பி” என்றேன். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினேன், அட்டைக்கடியைப் பற்றிப் பேசினேன், பக்கத்துக் காம்பரா வீட்டு நாய் குட்டி போட்டதைப் பற்றிக்கூடப் பேசினேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. போனில் பேசினால் என் வாய் பகிடிக்கும் சிரிப்புக்கும் போய்விடும். அதனால்தான் பேனையை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யார் யாரை முதலில் விட்டோம் என்று ஞாபகமில்லை. சாந்துக் கரண்டி பிடித்த கை இது, எழுத்து கொஞ்சம் ஏறி இறங்கும். பூச்சு வேலையில் விடாத மேடு பள்ளத்தை எல்லாம் இதில் விட்டிருப்பேன், பொறுத்துக்கொள். இதைச் சபைப் பத்திரிகையில் போடலாமா என்று ரூபி கேட்டாள். போடட்டும். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற அப்பன்மார் இங்கே லயத்துக்கு லயம் இருக்கிறார்கள்.

கேம்ப் வீடு உனக்குத் தெரியாததல்ல. தேயிலைத் தோட்டத்து மருந்து ஐயா குடியிருந்த கல் வீடு, அவர் போன பிறகு தோட்டம் வாலிபர் கேம்ப் நடத்த நம் சபைக்குக் கொடுத்தது. நீ அங்கே போய்வந்த காலத்துக்குப் பிறகு அது மோசமாகிவிட்டது. தகரம் ஓட்டை, சுவரெல்லாம் ஈரம் ஏறிப் பாசி, ஒரு மூலையில் வௌவால். போதகர் ஐயா ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். வாலிபர் ஊழியம் உயிரோடு இருக்கிறது, ஒரு வாலிபன் அங்கேயே தங்கி அதை நடத்துவான் என்று தெரிந்தால் வீட்டை வைத்துக்கொள்வார்கள், அவனை வேலைக்கும் எடுப்பார்கள். இல்லையென்றால் வீடு தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடும். “உங்க மகன் வந்தா நல்லாருக்கும் மேசன் பாஸ்” என்றார். “அவன் அந்த வீட்டுலயே வளர்ந்த பிள்ள.” உன் அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வருசக்கணக்காகிறது. விசா விஷயம் அப்போது வரவில்லை. “வருவான் ஐயா, வராம எங்க போவான்” என்று நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. வீடு பூசப் போகிறவன் வீட்டுக்காரனைக் கேட்காமல் சுவரை இடித்த மாதிரிதான் அது.

அன்றிலிருந்து எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பதுளையில் முஸ்லிம் நானா கடைக்குப் போய்ப் பெயின்ட் எடுத்தேன். அவர், “என்ன பாஸ், மாப்பிள்ள வீட்டுக்கு அடிக்கிற மாதிரி கலர் தேடுறீங்க?” என்று கேட்டார். “மாப்பிள்ளைக்குத்தான் நானா, பொண்ணு மட்டும் இன்னும் கிடைக்கல” என்றேன். போதகர் ஐயா ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். நடுவில் பெரிய மண்டபம், சுவரோரமாகப் பலகை அடித்துப் பாடற்குழு, நாடகம், ஞாயிறு பாடசாலை, மாலை வகுப்பு, ஆஸ்பத்திரிச் சந்திப்பு என்று ஐந்து ஊழியத்தையும் காட்சிக்கு வைக்க வேண்டும். ஓரத்தில் தங்குகிறவனுக்கு ஓர் அறை. நான் அந்தப் படத்தை ஒருதடவை பார்த்தேன், மடித்துப் பையில் வைத்தேன், பிறகு என் கை பாட்டுக்கு வேலை செய்தது. ஐந்தும் ஒன்றும் ஆறு, ஆகவே ஆறு தடுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி வாசல். வாசலுக்கு முன்னால் நீளமாக ஒரு இஸ்தோப்பு, அதற்கு ஒரு குட்டைச் சுவர். எல்லாம் முடித்து, பூச்சுக் காய்ந்த அன்று ரூபி வந்தாள். ஸ்பிரிங்வெளியில் மேல் லயத்துக் கொழுந்தெடுக்கிற செல்வியின் மகள், உனக்குப் பிறகு வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவள். வாசலில் நின்று பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“மாமா, என்னா இது? லயம் கட்டி வச்சிருக்கீங்க!”

“என்னாடி பேசுற? ஊழியத்துக்கு ஒரு ரூம்னு கட்டியிருக்கேன்.”

“இது ரூம் இல்ல மாமா, லயத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஒண்ணு. நல்லாத்தான் இருக்கு. வாசல்ல ஒரு கோழிக்கூடு வச்சா முடிஞ்சிச்சு.”

நான் ரோட்டு மேட்டுக்கு ஏறிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒரே கூரைக்குக் கீழே ஒற்றை அறைகளை வரிசையாக ஒட்டிவைத்த நம் லயத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கல் வீட்டுக்குள் வைத்த மாதிரி இருந்தது. நீளமும் அகலமும்கூட அதே அளவு. வயசு வந்த நாளிலிருந்து தோட்டத்துக்கு லயம் பூசிக் கொடுத்து, லயத்துத் தடுப்பை மாற்றிக் கொடுத்து, லயத்துத் தரைக்குச் சிமெந்து போட்டுக் கொடுத்த கை. அதற்கு வேறு வீடு தெரியவில்லை. உடைத்துவிட்டுத் திருப்பிக் கட்டுகிறேன் என்றேன். போதகர் ஐயா நாள் இல்லை என்றார். சிரித்தார், ஆனால் நல்ல மனசோடுதான் சிரித்தார். நானும் சிரித்தேன். ரூபியிடம், “இந்த லயத்துக்கு நீதான் கங்காணி, காலையில பெரட்டுக்கு ஆளக் கூப்பிட்டு வரிசையில நிப்பாட்டு” என்றேன். கூப்பிட்டால் வர ஆள் வேண்டுமே.

அது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. ரூபி போட்டோக்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள், நான் ஆணி அடித்து மாட்டினேன். பாடற்குழுப் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொழுது போகட்டும் என்று கேட்டேன். “இந்தச் சுருட்ட முடிக்காரன் இப்ப எங்க?” கட்டார் என்றாள். “இது?” வெள்ளவத்தையில் துணிக்கடை. “இந்தப் பல்லுக்காரி?” கல்யாணம் முடித்துத் தலவாக்கலை. “இந்த நெட்டையன்?” அவனும் கட்டார், ஆனால் இப்போது போன் எடுப்பதில்லை. ஐந்து காம்பராவிலும் இதே பதில்தான் வேறு வேறு ஊர்ப் பெயரோடு வந்தது. “சரி புள்ள, இத்தன பேருல இங்க இருக்கிறது யாரு?” என்று கேட்டேன். அவள் படத்தின் ஓரத்தில் ஒரு முகத்தில் விரலை வைத்தாள். அவளுடைய முகம். “நானும் அடுத்த மாசம் கண்டிக்குப் போறேன் மாமா, நர்சிங் படிக்க.” நான், “அப்ப படங்கள வச்சே ஊழியம் நடத்துவோம், சாப்பாடு போடத் தேவயில்ல” என்றேன். அவள் சிரிக்கவில்லை. துடைத்த கண்ணாடியையே திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தாள். என் பகிடி விழுந்து உடைந்த இடங்களில் அதுவும் ஒன்று.

நாடகப் படத்தில் நீ இருக்கிறாய், தெரியுமா? இருக்கிறாய் என்றால் உன் கால் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்துக் கழுதை, அதில் நீ பின்பாதி. அந்த நாளை நான் மறக்கவில்லை. நீ வீட்டை விட்டு வெளியே படுத்த முதல் தடவை அது. மழை கொட்டியது, மேட்டில் மண் இறங்குகிறது என்றார்கள், நீ அழுதுகொண்டு இருப்பாய் என்று நான் ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். வந்து பார்த்தால் சாக்குத் துணிக்குள்ளே குனிந்துகொண்டு, ஆட்டவேண்டிய வாலை ஆட்டாமல், முன்பாதியை உதைத்துக்கொண்டிருக்கிறாய். வீட்டுக்குப் போவோம் என்றேன். “அப்பா, நான் போனா கழுத நிக்காதுப்பா” என்றாய். குடையை உன்னிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. ‘கழுதை’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அதைச் சமாளித்துவிட்டேன். உன் அம்மா படத்தைப் பார்த்ததும், “அது என் புள்ள காலு” என்று கண்ணாடிமேல் கை வைத்தாள். முன்பாதி இப்போது துபாயில் லொறி ஓட்டுகிறானாம்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஆறாவது காம்பராவுக்குக் கட்டில் அடித்தேன். பலகைக் கட்டில்தான், ஆனால் நல்ல பலகை. என் நீளத்துக்கு அளந்து, நீ என்னைவிட உயரம் என்று ஒரு சாண் கூட்டிக்கொண்டேன். வளைவில் ரயில் வருவது தெரிகிற பக்கமாக ஒரு ஜன்னல். சட்டை மாட்ட ஓர் ஆணி. உன் அம்மா பழைய சேலையைக் கிழித்துத் திரை தைத்தாள். அந்த அறையில் மட்டும் நாங்கள் இருவரும் பேசாமல் வேலை செய்தோம். பேசினால் ருமேனியாவைப் பற்றிப் பேச வேண்டி வரும். நான் “உன் இஷ்டம்” என்று சொன்ன பிறகு நீ எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. கட்டில் இருந்தால் பிள்ளை வந்துவிடுவான் என்று ஒரு எண்ணம். பெரிய ஆட்கள்தான், ஆனாலும் அப்படித்தான் இருந்தோம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். பாட்டு முடிந்து, பெரியவர்கள் காம்பரா காம்பராவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ரூபி ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொன்னாள், யார் எங்கே போனார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டு. ஆறாவது வாசலுக்கு வந்ததும், கண்ணாடி துடைத்தாரே, அந்தப் பெரியவர், “இது யாருக்கு?” என்று கேட்டார். போதகர் ஐயா என் பக்கம் கையைக் காட்டி, “இவரோட மகன் தங்கி நடத்தப் போறார்” என்றார். அந்தப் பெரியவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். என் டீசேர்ட்டைப் பார்த்தார், ஆனால் சிரிக்கவில்லை. “மகன் வருவாரா ஐயா? அத நீங்க சொன்னாப் போதும்” என்றார். ‘வருவான்’ என்ற சொல் எனக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உன் அம்மா எனக்குப் பின்னால் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர் விலகி வழி விட்டார், நான் வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். அவ்வளவு நாளும் உள்ளே நின்று வேலை செய்தவன், வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பலகைக் கட்டில், ஒரு சின்ன ஜன்னல், ஓர் ஆணி, சேலைத் திரை. நீ பிறந்த காம்பரா. அளவு பிசகாமல் நான் அதை மறுபடி கட்டி, வெள்ளை அடித்து, உன்னை உள்ளே கூப்பிட நின்றுகொண்டிருக்கிறேன்.

“இல்லிங்க ஐயா” என்றேன். “அவன் வெளிநாடு போறான். வர மாட்டான்.”

என் முழங்கையில் இருந்த கை இறங்கிவிட்டது.

இதையும் கேட்டுக்கொள். எனக்கு உன் வயது இருக்கும்போது, பதுளையில் கட்டட வேலைக்கு வந்த கொந்தராத்துக்காரர் ஒருவர் என் பூச்சைப் பார்த்துவிட்டு, கொழும்புக்கு வா, உன்னைப் பெரிய பாஸ் ஆக்குகிறேன் என்றார். நான் ஓடி வந்து என் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே “உன் இஷ்டம்” என்றார். அந்தச் சொல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிற மாதிரி. அவரைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. நான் இங்கே தங்கியதை எல்லோரும் பாசம் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ‘போ’ என்று யாரும் சொல்லாததால் தங்கியவன் நான். போதகர் ஐயா உன்னைக் கேட்டபோதும், நீ போனில் கேட்டபோதும், நானும் அதே வாசற்படியில்தான் படுத்துக்கிடந்தேன். இப்போது எழுந்துவிட்டேன். போ தம்பி. இது என் வாயால் சொல்லி, என் கையால் எழுதிக் கொடுக்கிறது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, இப்படி வந்து கேட்டால், போ என்றாவது சொல், இரு என்றாவது சொல், எதுவானாலும் முகத்தைப் பார்த்துச் சொல். உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே.

அங்கே போனதும் பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்து வைக்காதே, உன் கையிலேயே இருக்கட்டும். ஈரச் சட்டையோடு படுக்காதே. சாப்பாட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, ஆனால் சாப்பிட்ட பிறகு தட்டையும் அனுப்பு, அப்போதுதான் உன் அம்மா நம்புவாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேசு, என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் எப்படியும் நாய்க் கதைதான் சொல்வேன். எங்கள்மேல் பரிதாபப்பட்டுத் திரும்பி வராதே. வரவேண்டும் என்று உனக்கே தோன்றினால் வா. யாருடைய வரிசையையும் நிரப்புவதற்காக எங்கேயும் போய் நிற்காதே. நான் நின்று பார்த்தேன், டீசேர்ட் பத்தவில்லை.

கேம்ப் வீடு போய்விட்டது. பெரியவர்கள் கோபப்படவில்லை. தேத்தண்ணி குடித்தார்கள், பூச்சு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள், வருசக் கடைசியில் தோட்டத்திடம் ஒப்படைத்துவிடுவோம் என்றார்கள். தோட்டம் அங்கே யாரையாவது குடிவைக்கும். ஆறு குடும்பத்துக்கு வசதி, கட்டியே இருக்கிறது. ரூபி படங்களை இறக்கப் போனாள், நான் வேண்டாம் என்றேன். வருசக் கடைசி வரைக்கும் இருக்கட்டும், ஆட்கள் அங்கேயாவது ஒன்றாக இருக்கட்டும். உன் அம்மா பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமல் ஒரே ஒரு தடவை பேசினாள். “என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றாள். உன்னைக் கேட்காமல் வருவான் என்றேன், அவளைக் கேட்காமல் வரமாட்டான் என்றேன். அவள் இப்போது உனக்குக் கொடுத்துவிட மிளகாய்த் தூள் இடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ஊருக்கே போதும், அவ்வளவு இடிக்கிறாள். மிளகாய் நெடியில்தான் கண் கலங்குகிறது என்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நெடி அதிகம்தான்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை எல்லோரும் பஸ்ஸுக்கு இறங்கிய பிறகு, கதவைப் பூட்டுகிற வேலை எனக்கு. நல்ல மழை. வாசலில் நின்று “உள்ள யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டேன். தகரத்தில் விழுகிற மழைதான் கேட்டது. ஆறு தடுப்பு இருப்பதால் வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் காம்பரா தெரியாது. நானா கடையில் வாங்கிய புதுப் பூட்டைப் போட்டு, இழுத்தும் பார்த்தேன். ஐயா பெரியவர்களோடு முன்னாலேயே போய்விட்டார் என்று நினைத்து, ஹாலிஎலயில் இறங்கி, சாவியைக் கொடுக்கப் போதகர் ஐயா வீட்டுக்கு நானும் உன் அம்மாவும் போனோம். அவருடைய சம்சாரம் கதவைத் திறந்து, “ஐயா உங்களோட வரலியா?” என்று கேட்டார். த்ரீவீல் பிடித்துத் தெமோதரைக்குத் திரும்பிப் போனோம். பூட்டைத் திறந்தோம். ஆறாவது காம்பராவில், உன் கட்டிலில், செருப்பைக் கழற்றிக் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு, போதகர் ஐயா தூங்கிக்கொண்டிருந்தார். உன் அம்மா திரையை விலக்கினாள். அவர் எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்ததாகவும், யாரும் வராததால் படுத்துக்கொண்டதாகவும் சொன்னார். கட்டில் எப்படி என்று கேட்டேன். நீளம் சரியாக இருக்கிறது, தலகாணி ஒன்று போட்டால் நல்லது என்றார். சாவியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.